நம்பி கையை விடாதவர்கள்

மேற்கு மலைக்கு இந்தப் பக்கமும் காற்றாலைகளுக்கு அந்தப் பக்கமுமாக ஆலடிப்பேரி என்று ஓர் ஊர். ஆண்டவன் அந்த ஊருக்குப் புத்தி பங்கு வைத்த அன்றைக்கு எல்லாரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்களாம். நான்கு பேர் மட்டும், வரிசை நீளமாக இருக்கிறதே, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அந்த நால்வரும் இன்னமும் டீதான் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாமவர் கொம்பையா, பழைய கொத்தனார். அவர் கட்டிய சுவர் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை. கதவுக்கு இடம் விட மறந்துவிடுவார், அவ்வளவுதான். இரண்டாமவர் ஆவுடையப்பன், சைக்கிள் கடை வைத்திருந்தவர். பேப்பரை வாய்விட்டுப் படிப்பதால் மற்ற மூவரும் அவரைப் படித்தவர் என்று மதித்தார்கள். மூன்றாமவர் பூதத்தான், வாழைத்தார் வியாபாரி, பெயருக்கு ஏற்ற உடம்பு. நான்காமவர்தான் நம்மாள் நம்பி. ரைஸ் மில்லில் மூட்டை எண்ணியே காலத்தைக் கழித்தவர். நால்வரில் தான்தான் விவரமான ஆள் என்று அவரே சொல்லிக்கொள்வார், மற்றவர்கள் மறுத்ததில்லை.

நம்பிக்கு மனைவி இல்லை, இறந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் செண்பகம் புனேயில் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் நம்பி குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றையிலிருந்து நாற்காலியை விட்டு எழும்பவே பயம். எழும்பப் போனால் தரை தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. டீக்கடைக்குப் போவது நின்றுபோயிற்று. மற்ற மூவரும் கூட்டாளியை மறந்துவிடவில்லை. தினமும் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்கள்.

செண்பகம் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். கார்த்திகைக்கு வருவாளாம். அப்பா யார் துணையும் இல்லாமல் தெருக்குழாய் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வருவதை அவள் கண்ணால் பார்க்கவேண்டுமாம். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைப் புனேக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். நம்பி ஒரு தடவை புனேக்குப் போயிருக்கிறார். அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் இன்னொரு ஜன்னல் தெரியும். பேச ஆளில்லாமல், லிஃப்டில் வந்த ஒரு மனிதரிடம் ஊரில் மழை பெய்யாததைப் பற்றி வருத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அந்த மனிதர் இந்தியில் ஏதோ ஆறுதல் சொல்லி, கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்த ஊரில் போய் மிச்ச நாளைக் கழிப்பதை நம்பியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் போட்டார்கள். வாசலில் கட்டிய துணிப் பேனரை வேப்பமரத்தைச் சுற்றி இழுத்துக் கட்டியதில் பாதி எழுத்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. 'முதியோர் விழாதிருக்க வழிகள்' என்பதில் 'முதியோர் விழா' மட்டும்தான் முன்னால் தெரிந்தது. ஆவுடையப்பன் அதை வாய்விட்டுப் படித்தார். விழா என்றால் கேசரி இல்லாமலா? மூவரும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, நம்பியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

கேசரி இல்லை. பிசியோதெரபி படித்த ஜெசிந்தா என்ற பெண் இருந்தாள். வயதானால் விழத்தான் வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழும்பிப் பழகவேண்டும். தினமும் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். குளியலறைத் தரையில் ஈரம் இருக்கக் கூடாது. காலில் தட்டுகிற சாமான் எதுவும் வழியில் கிடக்கக் கூடாது. கைப்பிடி இல்லாமல் படி ஏறக் கூடாது. இதையெல்லாம் சொல்லி முடித்தவள், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த நம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் மேல, நம்பிக்கைய மட்டும் விட்டுராதீங்க தாத்தா. ஒரு நாள் ரெண்டு நாளைக்கு இல்ல, நிலையான நம்பிக்கை வேணும். அது இருந்தா நீங்க யாருமே விழ மாட்டீங்க."

நம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை பேர் முன்னிலையில் முன்பின் தெரியாத ஒரு டாக்டரம்மா தன் பெயரைச் சொன்னது அவருக்குப் பெருமையாக இருந்தது.

கொம்பையா அன்று சாயங்காலமே வேலையில் இறங்கினார். வீட்டில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்தார். காலில் தட்டியதையெல்லாம் தெருவில் கொண்டுபோய் வைத்தார். அரிசி டிரம் தட்டியது. தையல் மெஷின் தட்டியது. கட்டில் சுண்டுவிரலில் நன்றாகவே தட்டியது. இது என்ன கூத்து என்று கேட்டுக்கொண்டு பெண்டாட்டி பிச்சம்மாள் குறுக்கே வந்து நின்றாள். அவளும் தட்டினாள். அவளையும் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய்த் தெருவில் கட்டில்மேல் உட்கார வைத்துவிட்டு வந்தார். பிச்சம்மாள் வெளியே குடித்தனம் நடத்த, கொம்பையா வெறும் வீட்டுக்குள் விழாமல் உலாவினார்.

ஆவுடையப்பன் நிறைய யோசித்தார். குளியலறைத் தரை ஈரமாகாமல் இருக்கவேண்டும் என்றால், குளியலறையில் குளிக்கக் கூடாது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டில் உள்ளவர்கள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு வயல் கிணற்றுக்குக் குளிக்கப் போனார்கள். கிணற்றடியும் ஈரம் என்பதால் அவர் அங்கேயும் போகவில்லை. ஒரு வாரத்தில் அவர் பக்கத்தில் யாரும் வருவதில்லை என்றாகிவிட்டது. இதனால் யார் மேலாவது மோதி விழுகிற ஆபத்தும் நீங்கியதே என்று அவருக்கு ஜெசிந்தாவின்மேல் மதிப்புக் கூடியது.

பூதத்தானுக்கு ஒற்றைக் காலில் நிற்பதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அது அவருக்குப் பழக்கம்தான். மருமகளைக் கூப்பிட்டு அதிரசம் வேண்டும் என்றார். சர்க்கரை நோய்க்காரருக்கு அதிரசமா என்று அவள் முறைத்தாள். தனக்கு ஆசை ஒன்றும் இல்லை, தினமும் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி டாக்டரம்மாவின் உத்தரவு என்றார். மறுநாள் முந்திரிக்கொத்து வேண்டும் என்று நின்றார். அதற்கு மறுநாள் புது டிவி வேண்டும் என்று நின்றார். அடுத்து எதற்காக நிற்பது என்று தெரியாமல் ராத்தூக்கம் கெட்டது.

ஆனால் கடைசியாகச் சொன்ன விஷயம்தான் முக்கியமானது என்பதில் நால்வருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அதைப் பற்றிப் பேச நம்பி வீட்டில் கூடினார்கள்.

"கைப்பிடி இல்லாம படி ஏறாதீங்கன்னு சொல்லிச்சு," என்று கொம்பையா ஆரம்பித்தார். "அப்ப கையைப் பிடிக்கணும். யாரு கையை? அதையும் அதுவே சொல்லிட்டுது. நம்பி கையை விட்டுராதீங்கன்னு."

படித்தவர் அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்வாரா? "நடுவுல ஒரு 'இக்' கேட்டுதே வே," என்றார் ஆவுடையப்பன். "நம்பி, இக், கைன்னுல்லா சொல்லிச்சு."

நால்வரும் முகம் இறுக யோசித்தார்கள். வெளியே ஒரு ஆடு கத்திவிட்டுப் போயிற்று.

"அது அந்தப் பிள்ளைக்கு விக்கல்," என்றார் பூதத்தான். "காலையிலேருந்து தண்ணி குடிக்காம பேசிக்கிட்டே இருந்தா விக்கத்தான செய்யும்."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பாவம், கேசரிதான் கொடுக்கவில்லை, அந்தப் பிள்ளைக்கு நாமாவது தண்ணீர் கொடுத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார்கள். பிறகு எந்தக் கை என்ற பிரச்சினை வந்தது. கைகள் என்று அவள் சொல்லாததால் ஒரு கைதான். வலது கை சாப்பிடத் தேவைப்படும். ஆகவே இடது கை. பூதத்தானுக்கு விரல்கள், கொம்பையாவுக்கு மணிக்கட்டு, ஆவுடையப்பனுக்கு முழங்கை என்று பாகம் பிரித்தார்கள். குளிக்காதவர் என்பதால்தான் தன்னைக் கடைசியில் தள்ளினார்கள் என்று ஆவுடையப்பனுக்கு இன்றைக்கும் ஒரு மனக்குறை உண்டு.

நம்பிக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "எல்லாரும் என் கையைப் பிடிச்சிட்டா, நான் யாரு கையை வே பிடிக்க?"

"உமக்கென்ன வே, அது உம்மகிட்டயே இருக்குல்லா. சோத்துக் கையால அதையே பிடிச்சுக்கிடும்," என்றார் கொம்பையா.

"அதுக்குப் பேருதான் தன்னம்பிக்கை," என்றார் ஆவுடையப்பன். "தன் நம்பி கை. பேப்பர்ல அடிக்கடி போடுதான்."

நம்பி தன் இடது கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டார். மூவரும் அவரவர் பாகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊன்றிக்கொள்ள யாருக்கும் கை மிச்சமில்லாததால் காலை மட்டும் அழுத்தி நால்வரும் ஒன்றாக எழும்பினார்கள். ஆடிக்குப் பிறகு நம்பி தன் காலால் நடந்து வீட்டு வாசற்படியைத் தாண்டியது அன்றைக்குத்தான். தெரு எப்போதும் போல இருந்தது. அவருக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஆலடிப்பேரியில் இந்த நால்வரில் ஒருவர்கூடத் தனியாக நடப்பதை யாரும் பார்க்கவில்லை. விடிந்தால் மூவரும் வந்து கையைப் பிடிப்பார்கள், இருட்டினால்தான் விடுவார்கள். சந்துகளில் பக்கவாட்டில் நடந்தார்கள். மினிபஸ் அவர்களுக்குப் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. பூதத்தான் தும்மினால் நால்வரும் குலுங்கினார்கள். ஐப்பசி மழையில் ஊரே சேறாகிப் பாலகர் முதல் பஞ்சாயத்துத் தலைவர் வரை வழுக்கி விழுந்தபோதும் இவர்கள் விழவில்லை. விழ நினைத்தாலும் இடமில்லை. டீக்கடைக்கும் வீட்டுக்குமாக நாள் முழுக்க நடந்ததில், கையூன்றாமலே பெஞ்சில் உட்கார்ந்து எழும்பியதில், நம்பியின் கால்கள் தம்பாட்டுக்கு வலுத்துக்கொண்டிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லார் கவனமும் கைமேல்தான்.

நடுவில் ஒரு நாள் ஜெசிந்தா ஊருக்குள் வந்தாள். நம்பி நடப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். இதற்கெல்லாம் காரணம் நம்பிக்கைதான் என்று பாராட்டினாள். அதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். கொம்பையா ஓடிப்போய் அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரப் பார்த்தார். கையை விடமுடியாது என்பதால் நால்வருமாகப் போய்க் கொண்டுவந்தார்கள்.

கார்த்திகை வந்தது. செண்பகம் வந்து இறங்கியபோது அப்பாவின் ஒரு கையில் மூன்று பேர் இருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாளைக் காலையில் அப்பா ஒற்றை ஆளாக நடந்து காட்டவேண்டும், இவர்கள் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நால்வரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள். கையை விடாவிட்டால் நம்பி புனேக்குப் போய்விடுவார். கையை விட்டால் மூவரும் விழுந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்திருந்தது.

"நீரு போயிட்டீருன்னா கையும் போயிரும்," என்றார் ஆவுடையப்பன்.

"கை கெடக்கட்டும் வே," என்று கொம்பையா சொன்னார். அவர் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. "இவரு போயிட்டாருன்னா நாம யாரு முன்னால உக்காந்து டீ குடிக்க?"

பிடித்திருந்த மூன்று கைகளின் சூட்டையும் நம்பி முதல் தடவையாகக் கவனித்தார். பூதத்தான்தான் வாயைத் திறந்தார். நிற்கிறவன்தானே விழவேண்டும், கிடக்கிறவன் எங்கே விழுவான் என்று கேட்டார். கேட்டதும் மூவருக்கும் முகம் தெளிந்துவிட்டது.

மறுநாள் காலையில் வாசலில் நாற்காலி போட்டாயிற்று. செண்பகம் நடையில் நின்றாள். நம்பி கையூன்றாமல் எழும்பினார். ஓர் எட்டு வைத்ததும் மூவரும் கையை விட்டார்கள். விட்ட அந்த இடத்திலேயே, விழுந்துவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதையோடு, தெருவில் குறுக்கே வரிசையாக மல்லாந்து படுத்துக்கொண்டார்கள்.

நம்பி பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. தன் இடது கையைத் தானே பிடித்துக்கொண்டு நடந்தார். முதலில் மூட்டை எண்ணுவது போல எட்டுகளை எண்ணினார். இன்னமும் தெருவிலேயே கிடந்த பிச்சம்மாளின் கட்டிலைத் தாண்டினார், அரிசி டிரம்மைத் தாண்டினார். தெருக்குழாய் வந்துவிட்டது. வந்ததற்கு அடையாளமாக ஒரு வாய் தண்ணீர் குடிப்போம் என்று குழாயைத் திறக்கக் கையை விட்டார். குடித்து முகத்தையும் துடைத்தவர், மறுபடி கையைப் பிடிக்க மறந்துபோனார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, மில்லுக்கு வேலைக்குப் போன காலத்தில் நடந்தது போல நடந்து வந்தார். எதிரே மகள் நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. மகளுக்கு இனி பயமில்லை என்று நினைத்தபோது நம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கொம்பையாவின் காலில் இடறி, பூதத்தானின் வயிற்றில் மோதி, ஆவுடையப்பனுக்கு அந்தப் பக்கம் இடது கையை ஊன்றி விழுந்தார். கையில் ஒரு சத்தம் கேட்டது.

செண்பகம் ஓடிவந்தாள். நம்பி கிடந்த கிடையிலேயே, மற்றவர்களுக்கு அடி பட்டுவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கொம்பையா படுத்தபடியே அவளிடம் நியாயம் பேசினார். "தாயி, இத விழுந்ததா கணக்குல எடுக்கக் கூடாது. அவரு தரையில விழல. முக்காவாசி எங்க மேலதான் விழுந்திருக்காரு. கை மட்டுந்தான் தரைக்குப் போயிருக்கு."

ஆஸ்பத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். செண்பகம் அங்கே வேலை பார்த்த ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவின் காலில் இன்னும் பலமில்லையா என்று கேட்டாள். அவர் காலுக்கு ஒரு குறையும் இல்லை, வழியில் மூன்று பேர் படுத்துக் கிடந்தால் நானும்தான் விழுவேன் என்றாள் ஜெசிந்தா. செண்பகம் வராந்தாவைப் பார்த்தாள். அங்கே மூவரும், கட்டுப் போட்ட கையின் எந்த இடத்தைப் பிடித்தால் வலிக்காது என்று நம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யப்பா, நீங்க இங்கனயே இரிங்க," என்றாள் செண்பகம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "உங்களுக்காவ ரோட்டுல படுக்கதுக்குப் புனேல ஆள் கெடைக்காது."

அவள் ஊருக்குப் போனாள். நாள் ஆனதும் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் கூட வந்த மூவரும் கையைப் பார்க்கவில்லை. வெட்டி எடுத்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தங்களுக்குக் கொடுக்கும்படி நர்ஸிடம் பணிவாகக் கேட்டு, துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

கொம்பையா தன் பழைய கொத்தனார் கரண்டியை எடுத்தார். இரண்டு பாதியையும் கம்பியால் கட்டி, உள்ளே முறுக்குக் கம்பி விட்டு, சிமெண்ட் நிரப்பி, ஊர்ப் படிப்பகத்தின் படிக்கட்டுச் சுவரில் பதித்தார். அவர் வைத்தது எதுவும் விழாது என்பது ஊருக்கே தெரியும். காய்ந்த பிறகு பூதத்தான் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது என்ன? நிலையான நம்பி கை. அதுதான் இது. ஊரில் உள்ள வயசாளிகள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்கள். ஒருவரும் விழவில்லை. நம்பியின் சொந்தக் கைக்கும் விடுதலை கிடைத்தது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு தன்னந்தனியாக டீக்கடைக்குப் போய்வந்தார். ஜெசிந்தா வந்து பார்த்துவிட்டு, கைப்பிடி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது என்று கேட்டாள். எல்லாம் நீ சொன்னதுதான் தாயி என்றார்கள். அவளுக்கு உண்மையாகவே விக்கல் வந்துவிட்டது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் பேப்பர் படிக்கப் படிப்பகத்துக்கு ஏறிய ஆவுடையப்பன் மத்தியானம் வரைக்கும் இறங்கவில்லை. என்னவென்று கேட்டதற்கு, ஏறும்போது இடது பக்கம் இருந்த கை இறங்கும்போது வலது பக்கத்துக்குப் போய்விடுகிறது, இடது கையை வலது பக்கத்தில் பிடிப்பது முறையா என்று மேலிருந்தே கேட்டார். கீழே இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்து யோசித்தார்கள். ஏறுவதற்குக் கை இருக்கிறது. இறங்குவதற்கு இல்லை. கொம்பையாவும் பூதத்தானும் மெதுவாகத் திரும்பி நம்பியின் வலது கையைப் பார்த்தார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. நம்பி வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தார். வாசலில் மூவரும் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள்.

"அவசரம் ஒண்ணும் இல்ல வே, மெள்ள வாரும்," என்றார் கொம்பையா. "இந்தத் தடவ வலது பக்கமா விழணும். ஓர்ம இருக்கட்டும்."